இலாகா இல்லையென்றால் மாட்டேன்

1977ஆம் ஆண்டு ஜூன் மாதம் பதினொன்றாம் தேதி, சனிக்கிழமை, பிற்பகல் நான்கு மணி பத்து நிமிடத்துக்கு, கிளேட்டனில் நாங்கள் குடியிருந்த வீட்டின் நடையில் தொலைபேசி அடித்தது. முன்னறையில் அங்கிள் வானொலியை உரக்க வைத்துக் காற்பந்து வர்ணனையில் மூழ்கியிருந்ததால் அன்ரிதான் எடுத்தார். எடுத்தவர், ரிசீவரை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டு பின்னறைப் பக்கம் திரும்பிக் கூவினார்.

"பிள்ளை, ஓடி வாரும்! உங்கட நாட்டுத் தலைவராம்! லைனில நிக்கிறாராம்!"

அங்கிளும் அன்ரியும் யாழ்ப்பாணத்தார்; வீட்டுக்கு உரியவர்கள். நான் திருச்சியிலிருந்து ஆங்கில இலக்கியம் படிக்க வந்து, அவர்களிடம் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருந்தேன். பின்னறையில் இருந்தவர் எங்கள் இரு நாடுகளையும் சேர்ந்தவரல்லர். இந்து மாக்கடலில் உள்ள ஒரு சிறு தீவில், உப்பளங்களில் வேலை செய்வதற்காக மூன்று தலைமுறைக்கு முன் கொண்டுசெல்லப்பட்ட தமிழர்களின் வழியில் வந்தவர். அந்தத் தீவு அப்போதுதான் விடுதலை பெற்றுக் குடியரசாகியிருந்தது. கொடி மாறி ஒரு மாதம்கூட ஆகவில்லை. தீவின் பெயரையும் அவருடைய பெயரையும் நான் இங்கே எழுதப்போவதில்லை. நான் அவரை அக்கா என்று அழைத்தேன். அது இங்கே போதும்.

அவர் கழுத்தில் கம்பளித் துண்டைச் சுற்றியபடி வந்தார். மெல்பர்ன் குளிர் தொண்டையில் இறங்கி, இரண்டு மூன்று நாட்களாக அவருக்குக் குரல் அடியோடு போயிருந்தது. ரிசீவரை வாங்கி ஒரு முறை முயன்றார். காற்றுதான் வந்தது. மறுமுனையில் "ஹலோ, ஹலோ" என்பது கூடத்தில் நின்ற எனக்கும் கேட்டது. அவர் கையசைத்து என்னை அருகே அழைத்து ரிசீவரை என் கையில் திணித்தார்.

"நீ பேசு. நான் சொல்றதைச் சொல்லு" என்றார், உதடுகளாலும் மூச்சாலும்.

தொலைபேசியில் பேசுவது எனக்கு எப்போதும் பிடிக்காது. எழுதும்போது ஒரு சொல்லை அடித்துவிட்டு வேறொன்றை வைக்கலாம். தொலைபேசி அதற்கு இடம் தருவதில்லை. ஆனாலும் பேசினேன்.

தலைவரின் ஆங்கிலம் வழக்கறிஞருடையது: கனிவாகவும் ஒத்திகை பார்த்தது போலவும் இருந்தது. குடியரசின் முதல் அமைச்சரவை அமைகிறது. பட்டியல் திங்கட்கிழமை வானொலியில் வாசிக்கப்படும். அதில் உங்கள் தோழியின் பெயரும் இருக்கிறது. அமைச்சரவையின் ஒரே பெண், ஒரே தமிழர். நான் ஒவ்வொன்றையும் தமிழில் சொன்னேன். அக்காவுக்கு ஆங்கிலம் தெரியும். மற்ற இருவரும் அறியவேண்டும் என்பதற்காகச் சொன்னேன். அன்ரி கைதட்டினார். அங்கிள் வானொலியின் ஒலியைத் தணித்துவிட்டு எழுந்து வந்தார்.

அக்கா கேட்டது ஒன்றுதான்: "என்ன வேலை?"

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும். அதை அவர் எல்லோரிடமும் கேட்பார். மெல்பர்னில் அப்போது இருந்த தமிழர்கள் சேர்ந்து ஒரு தேவாலய மண்டபத்தை வாடகைக்கு எடுத்துப் பொங்கல் விழா நடத்தினார்கள். நிலத்தடி நீரைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்யும் பெண் என்பதால் குத்துவிளக்கை அவர் ஏற்ற வேண்டும் என்று கேட்டார்கள். "ஏத்தின பிறகு என்ன வேலை?" என்றார். பிறகு வேலை ஒன்றுமில்லை, முதல் வரிசையில் அமரலாம் என்றார்கள். "அப்ப மாட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். மண்டபத்தின் சமையலறையில் ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டும் குழாயைக் கேட்டுக்கொண்டு அவரால் ஓரிடத்தில் இருக்க முடியாது. கைப்பையில் எப்போதும் குழாய்க்குள் போடும் ரப்பர் வாசர் நாலைந்து வைத்திருப்பார். விழாவில் வரவேற்புரை முடிவதற்குள் அந்தக் குழாய் சொட்டுவதை நிறுத்தியது.

பல்கலைக்கழகத்திலும் அப்படியே. வெளிநாட்டு மாணவர்களுக்கான கையேட்டில் அவருடைய படத்தைப் போட விரும்பினார்கள். சேலை உடுத்திக்கொண்டு, புதிதாக வந்திருந்த ஒரு பெரிய கருவியின் அருகே நின்று புன்னகை செய்ய வேண்டும். அந்தக் கருவியில் அவர் எந்த வேலையும் செய்ததில்லை. "மாட்டேன்" என்றார். வேண்டுமானால் தம்முடைய துளைக்கிணற்றுக் குழாயின் அருகே, சேறு படிந்த ரப்பர் பூட்ஸோடு நிற்பதாகச் சொன்னார். கையேடு அவர் படமின்றி வெளிவந்தது.

தமிழில் மறுப்பதற்கு மூன்று சொற்கள் உண்டு. விருப்பம் இல்லாதபோது வேண்டாம், இயலாதபோது முடியாது; இயலும், ஆனால் செய்வதாக இல்லை என்னும்போது மாட்டேன். நாங்கள் மூன்றாவதைப் பெரியவர்களின் முன் சொல்வதில்லை. அதற்குப் பதிலாக நாலாவது ஒன்றை வைத்திருக்கிறோம்: பார்க்கலாம். மெல்பர்ன் தமிழர்களின் ஞாயிற்றுக்கிழமைகள் பார்க்கலாம் என்ற சொல்லால் ஆனவை. யாரேனும் விருந்துக்கு அழைத்தால் பார்க்கலாம் என்போம். அழைத்தவர் புரிந்துகொண்டு ஒரு தட்டைக் குறைப்பார். அக்காவிடம் அந்தச் சொல் கிடையாது. ஒரு மருத்துவரின் மனைவி உணவுக்கு அழைத்தபோது, "மாட்டேன். போன தடவை பருப்பில உப்பு" என்று சொல்லி, எங்கள் எல்லோரையும் தரையைப் பார்க்க வைத்தார்.

இந்தக் குணம் எப்போதும் அழகாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். அன்ரி அவருக்காக ஒரு குளிர்காலம் முழுதும் பின்னிய கம்பளிச் சட்டையை அவர் ஒரு நாள் போட்டுப் பார்த்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார். அரிக்கிறதாம். அன்ரி பல நாட்கள் அவரோடு பேசவில்லை. அக்கா அதைக் கவனித்தாரா என்பதே எங்களுக்குத் தெரியவில்லை.

தொலைபேசிக்குத் திரும்புகிறேன். "என்ன வேலை என்று கேட்கிறார்" என்றேன். தலைவர் ஒரு பதவியின் பெயரைச் சொன்னார்.

"இலாகா இல்லாத அமைச்சர்" என்று தமிழாக்கினேன்.

"அமைச்சர்னா?" அவருடைய தீவுத் தமிழில் அந்தச் சொல் இல்லை.

"மந்திரி. இலாகா இல்லாத மந்திரி."

அங்கிளின் முகம் மலர்ந்தது. "அது சாமானியப் பதவியில்லைப் பிள்ளை! ஒரு இலாகாவும் இல்லையெண்டா எல்லா இலாகாவுக்கும் மேல எண்டுதான் அர்த்தம்."

"ஓம், உங்களுக்குத் தெரியாமலே?" என்றார் அன்ரி. "இந்த வீட்டில நீங்கள் அந்தப் பதவியிலதானே இருக்கிறியள்."

அக்கா சிரிக்கவில்லை. "தண்ணி யார்கிட்டன்னு கேளு."

கேட்டேன். நீர்வளம் சுற்றுலா அமைச்சின் கீழ் வருகிறது என்றார் தலைவர். அந்த அமைச்சு யாரிடம் என்பதைக் கேட்காமலே சொன்னார்: கடற்கரையில் இரண்டு ஓட்டல்கள் வைத்திருப்பவரிடம்.

இதன் பொருள் எங்கள் மூவருக்கும் புரியும். சில மாதங்களுக்கு முன் அக்கா, தம் ஆய்வு எதைப் பற்றியது என்று காட்டுவதற்காக, ஒரு கண்ணாடிக் குவளையில் உப்புக் கரைசலை ஊற்றி, அதன்மேல் ஒரு கரண்டியின் முதுகு வழியாக, தேயிலைச் சாயம் கலந்த நல்ல தண்ணீரை மெல்ல விட்டார். இரண்டும் கலக்கவில்லை. பழுப்புத் தண்ணீர் ஒரு மெல்லிய படலமாக மேலே நின்றது. "இதுதான் எங்க தீவு. கீழ முழுக்கக் கடல். மழைத் தண்ணி அதுமேல மிதக்குது. கிணறெல்லாம் இதிலதான்" என்று சொல்லி, அங்கிளிடம் ஓர் உறிஞ்சுகுழலைக் கொடுத்தார். மெதுவாக உறிஞ்சியபோது அங்கிள் தலையாட்டினார். "இப்ப வேகமா" என்றார் அக்கா. அங்கிள் வேகமாக உறிஞ்சினார். அடுத்த கணமே தொட்டிக்கு ஓடித் துப்பினார். ஓட்டலின் மோட்டார் பம்பு எங்கோ ஒரு மூலையில் வேகமாக இழுத்தால் உப்பு எல்லோருடைய கிணற்றிலும் ஏறும். ஏறிய உப்பு பல ஆண்டுகளுக்கு இறங்காது.

எனவே நடையில் நின்ற அக்கா என்ன சொல்வார் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. சொன்னார்.

"மாட்டேன்."

நான் ரிசீவரில், தங்கள் அன்புக்கு அவர் நன்றியுடையவர் என்றும், இப்போதைய நிலையில் சற்று யோசிக்க விரும்புகிறார் என்றும் தொடங்கினேன். முழங்கைக்கு மேலே கிள்ளு விழுந்தது.

"நான் அதைச் சொல்லல. நல்லாச் சொல்லாதே. சொன்னதைச் சொல்லு."

நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, ஒரு நாட்டின் தலைவரிடம், "மாட்டாராம்" என்றேன். ஆங்கிலத்திலும் அது சிறிய வாக்கியம்தான்.

 தலைவரின் குரலில் கனிவு குறைந்தது. உப்பளத்துக்காரர்கள் எத்தனை காலமாகக் கேட்டுவரும் இடம் இது என்று அவருக்கு நினைவூட்டுங்கள், இப்போது கூட்டத்துக்குப் போகிறேன், எட்டு மணிக்கு மறுபடி அழைப்பேன், அதுவே கடைசி.

வரவிருந்த திங்கட்கிழமை இங்கே அரசியின் பிறந்தநாள் விடுமுறை. "இஞ்ச ராணிக்குப் பிறந்தநாள் கொண்டாடுறாங்கள், அங்க ராணியின்ர படத்தைக் கழட்டிப்போட்டு மந்திரி தேடுறாங்கள்" என்று அங்கிள் நிலைமையை இலகுவாக்கப் பார்த்தார். ஒருவரும் உதவவில்லை. இரவுச் சாப்பாட்டு மேசையில்தான் அன்ரி பேசினார்.

"மாட்டன் எண்டு சொல்லுறது உமக்கு லேசு. சொல்லிப்போட்டு நீர் இஞ்ச குழாய் பூட்டிக்கொண்டு இருப்பீர். அங்க உப்பளத்தில நிக்கிற சனத்துக்கு ஆர் இருக்கினம்?"

அக்கா மூச்சால் பதில் சொன்னார். நாங்கள் கரண்டிகளை வைத்துவிட்டுக் கேட்க வேண்டியிருந்தது. "சும்மா போய் உட்கார்ந்தா, இன்னொரு பம்புக்கு உத்தரவு வரும்போது நானும் கைதூக்கணும். மந்திரிசபைன்னா எல்லார் பேரும் சேர்ந்துதான் வரும். வெளியில நின்னாலாவது கத்தலாம்."

"கத்துறதுக்குக் குரல் எங்க பிள்ளை?" என்றார் அங்கிள். அக்காவே தோள் குலுங்க ஒலியின்றிச் சிரித்தார்.

அன்ரி விடவில்லை. "நீர் மாட்டன் எண்டா அந்தக் கதிரை காலியாக் கிடக்குமே? ஓட்டல்காரன்ர கணக்குப்பிள்ளையும் தமிழன் எண்டு நீர்தானே சொன்னனீர். அவனைக் கொண்டுவந்து இருத்துவாங்கள். அவன் எல்லாத்துக்கும் ஓம் எண்டுவான். பிறகு ஆரை ஏசுவீர்?"

அக்கா சோற்றைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளி, மறுபடி நடுவுக்குக் கொண்டுவந்தார். அவர் தலைகுனிந்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். எனக்கு அது பிடிக்கவில்லை. பொங்கல் மண்டபத்திலும் விருந்துகளிலும் அவர் பேச்சுக்கு வெட்கப்பட்டுத் தலைகுனிந்திருந்த நான், இப்போது அவர் குனிந்திருப்பதைப் பொறுக்கமுடியாமல் தட்டுகளை எடுக்க எழுந்தேன்.

எட்டு மணிக்குத் தொலைபேசி அடித்தது. யாரும் சொல்லாமலே நான் எடுத்தேன். தலைவருக்குப் பின்னால் பல ஆண்களின் குரல்கள் கேட்டன. கூட்டம் முடிந்து, நடந்ததை நினைத்து மகிழ்ச்சியாக இருந்தார்கள் போலும்.

"உங்கள் தோழிக்காகப் போராடி ஓர் இலாகா வாங்கியிருக்கிறேன். மகளிரும் இல்லமும். மீதி இருந்தது அதுதான். இதையும் மறுத்தால் என்னிடம் வேறு பெயர் இருக்கிறது."

சொன்னேன். சொல்லிவிட்டு, அடுத்து வரும் மறுப்பின் ஆங்கிலத்தை நாக்கில் தயாராக வைத்துக்கொண்டு நின்றேன். அது வரவில்லை. சமையலறையில் அன்ரி, தேநீருக்காகக் கெண்டியைக் குழாயடியில் பிடித்துக்கொண்டிருந்தார். அக்காவின் பார்வை அங்கே இருந்தது.

"வீட்டுக்குத் தண்ணி கொண்டு வர்றது யாருன்னு கேளு."

கேட்டேன். "பெண்கள்தான், வேறு யார்?" என்றார் தலைவர்.

"அப்ப வீட்டுக் கிணறு யார் இலாகா?"

இதைக் கேட்டதும் அவர் சிரித்தார். ரிசீவரைக் கையால் மூடி அறையில் இருந்தவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். மூடிய கைக்குள்ளிருந்து பெரிய சிரிப்பு ஒன்று வந்தது. "எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கிணறு, குடம், பானை, அகப்பை, எல்லாவற்றையும்."

"குடம் வேண்டாம்" என்றார் அக்கா. "மகளிர், இல்லம், வீட்டுக் கிணறுகள். வானொலியில இப்படியே வாசிக்கணும். ஒரு சொல் குறையக் கூடாது. இதைச் சொல்லு."

இம்முறை நான் தேன் தடவவில்லை. ஒரு சொல் குறையக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். தலைவர் யாரிடமோ அந்த மூன்றையும் எழுதச் சொல்லி, எழுதியதை உரக்கப் படிக்கவும் செய்தார். பிறகு, ஒரு குழந்தையிடம் கேட்பது போல, "இப்போது சம்மதமா?" என்றார்.

"சம்மதம்" என்றார் அக்கா. நானும் சொன்னேன்.

அங்கிளுக்கு ஏமாற்றம். "கிணத்துக்கு ஒரு மந்திரியோ? இதுக்கு இலாகா இல்லாதது மரியாதையா இருந்திருக்குமே!"

அன்ரிக்குத்தான் முதலில் விளங்கியது. கெண்டியை அடுப்பில் வைத்துவிட்டு வந்து அக்காவின் எதிரே நின்றார். "ஓட்டல்காரன்ர பம்பு இழுக்கிறதும் வீட்டுக் கிணத்தில ஊறுறதும் ஒரே தண்ணிதானே? அண்டைக்குக் குவளையில காட்டினீரே."

அக்கா தலையசைத்தார்.

"வீட்டுக் கிணத்தைக் காக்கிற மந்திரி, பம்பை நிறுத்து எண்டு சொல்லலாமோ?"

"சொல்லணும். அதான் வேலை."

"பாத்தியளே, அப்பா!" அன்ரி அங்கிளின் தோளில் அடித்தார். "அவங்கள் சிரிச்சுச் சிரிச்சு முழுத் தண்ணியையும் எழுதிக் குடுத்துப்போட்டாங்கள்!"

அதற்கு அடுத்த வாரம் அக்கா விமானம் ஏறினார். இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அங்கே அவர் எதை வென்றார், எதை இழந்தார் என்பதை நான் செய்தித்தாள்களின் மூலம் அறைகுறையாகவே அறிவேன். அறைகுறையாக அறிந்ததை எழுதுவது என் வழக்கமல்ல. எனக்கு நேரே தெரிந்தது மறுநாள் காலை வரைதான்.

மறுநாள் காலை எட்டு மணி இருக்கும். நடையில் பேச்சுக்குரல் கேட்டு எழுந்து வந்தேன். இரவு உடையின்மேல் மேலங்கியைப் போட்டுக்கொண்டு அக்கா தொலைபேசியருகே நின்றிருந்தார். உடைந்து, கரகரத்து, பாதி எழுத்துகள் காணாமற்போன நிலையில் குரல் திரும்பியிருந்தது. ஆபரேட்டரிடம் ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்.

"யாருக்கு அக்கா?"

"ஓட்டல்காரருக்கு."

"அங்கே இன்னும் விடியவில்லையே. பதவியும் நாளைக்குத்தானே?"

"ராத்திரியிலதான் தொட்டி நிரப்புவாங்க. பம்பு இப்பதான் ஓடும்." நான் கை நீட்டியதைக் கண்டு ரிசீவரை மறுபக்கம் மாற்றிக்கொண்டார். "வேணாம். இதை நானே பேசுறேன்."

தூக்கம் கலைந்த ஓர் ஆண்குரல் மறுமுனையில் வந்தது. அக்கா நிமிர்ந்து நின்று, தம் பெயரையும், மகளிர், இல்லம், வீட்டுக் கிணறுகள் என்று மூன்றையும், ஒன்றும் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு பம்பை நிறுத்தச் சொன்னார். அந்தக் குரல் சிரித்தது. பின் ஏதோ உரத்துக் கேட்டது. பின் நாளை என்றது.

"நாளைக்கு இல்லை. இப்ப. நீங்க போய் நிறுத்திட்டு வாங்க. நான் லைன்லயே இருக்கேன்."

மறுமுனையில் ரிசீவர் மேசைமேல் வைக்கப்பட்ட ஓசை கேட்டது. செருப்புகள் நடந்து விலகின. எங்கே போயின என்று தெரியவில்லை. அக்கா ரிசீவரைச் சற்றே சாய்த்து என் காதுக்கும் இடம் கொடுத்தார். கடலுக்கடியில் வரும் கம்பியின் இரைச்சலுக்குக் கீழே, வெகுதூரத்தில், ஓர் இயந்திரம் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் இருவர் தலைகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. அவர் ரிசீவரை வைப்பதாக இல்லை.